ஒன்றியச் சட்டம் குறுக்கே நிற்கும்போது மாநில அரசு எந்த வழியில் போவது?

ஓர் ஒன்றியச் சட்டம் தன் மாநிலத்துக்கு ஒத்துவராது என்று முடிவுசெய்துவிட்ட அரசு, பெரும்பாலும் முதலில் செய்வது சட்டமன்றத்தில் தீர்மானம் போடுவது. தீர்மானத்துக்குச் சட்ட வலு கிடையாது. 2021 ஆகஸ்டில் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தால் அந்தச் சட்டங்களில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. அவை போனது, அந்த ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றமே திரும்பப் பெற்றபோதுதான்.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை, சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இரு தரப்பும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. தீர்மானத்துக்கு அப்பால் மாநிலத்தின் கையில் உண்மையாக இருப்பவை ஐந்து வழிகள். மாநிலப் பட்டியலில் ஒரு பிடிமானம் தேடிச் சொந்தச் சட்டம் இயற்றலாம். பொதுப் பட்டியல் விஷயமானால் அதே சாசனத்தின் 254(2)-ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு விலக்குப் பெறலாம். 131-ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் மூல வழக்குத் தொடரலாம். ரிட் மனு வழியாகப் போகலாம். ஜிஎஸ்டி மன்றம் போன்ற அவைகளில் உட்கார்ந்து பேசலாம். அரசியல் சூடு ஏறியிருக்கும்போது மாநிலங்கள் வழக்கில் தொடங்கி, மசோதாவுக்கு வந்து, கடைசியில்தான் ஏழாவது அட்டவணையைப் புரட்டுகின்றன. புரட்டிப் பார்த்த பிறகுதான் மற்ற நான்கில் எது பயன்படும் என்றே தெரியும்.

மாநிலப் பட்டியலில் இடம் கிடைத்தால்

நீதிமன்றம் ஒரு சட்டத்தின் தலைப்பைப் பார்ப்பதில்லை. அதன் சாரம் எந்தப் பட்டியலின் எந்த இனத்தில் (பட்டியலில் எண்ணிட்டுத் தந்த ஒவ்வொரு பொருளும் ஓர் இனம்) விழுகிறது என்றுதான் பார்க்கும். சாரம் மாநிலப் பட்டியலில் விழுந்துவிட்டால், ஒன்றியப் பட்டியலைப் போகிறபோக்கில் தொட்டுச் செல்வது குற்றமில்லை. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் தேவையில்லை. ஐந்து வழிகளில் சாவி முழுக்க மாநிலத்தின் பக்கம் இருப்பது இது ஒன்றில்தான் (ஆளுநர் கையெழுத்து என்ற படியைத் தவிர, அதற்குப் பிறகு வருவோம்).

கனிம வரி இதற்கு நல்ல உதாரணம், தொடங்கியதும் தமிழ்நாட்டில்தான். ஊராட்சிச் சட்டத்தின்கீழ் விதித்த ஒரு கூடுதல் வரியை, கனிமம் எடுப்பவர் செலுத்தும் உரிமைத்தொகையோடு (ராயல்டி) சேர்த்துக் கணக்கிட்டதை எதிர்த்து ஒரு சிமெண்ட் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1989-இல் ஏழு நீதிபதிகள், உரிமைத்தொகையே ஒரு வரி, அதன்மேல் மாநிலம் இன்னொரு வரி போட முடியாது என்றார்கள். 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8:1 என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது. உரிமைத்தொகை வரியல்ல, கனிமம் உள்ள நிலத்தின்மீது மாநிலம் வரி விதிக்கலாம். ஆகஸ்ட் 14-இல் வந்த தொடர் உத்தரவு, 2005 ஏப்ரல் 1 முதலான நிலுவையைக் கேட்கலாம் என்றும், அதை 2026 ஏப்ரல் 1-இலிருந்து 12 ஆண்டுகளில் தவணையாகத்தான் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாடு 2024 டிசம்பரிலேயே கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் மசோதாவை நிறைவேற்றிவிட்டது.

எந்த இனத்தைப் பிடிப்பது என்பதில்தான் சூட்சுமம். மாநிலப் பட்டியலின் 50-ஆவது இனம் 'கனிம உரிமைகள்மீது வரி'. ஆனால் அதன் வாசகத்திலேயே, கனிம வளர்ச்சிக்காக நாடாளுமன்றம் சட்டத்தால் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டது என்ற வால் இருக்கிறது. 49-ஆவது இனமான 'நிலங்கள், கட்டடங்கள்மீது வரி'யில் அந்த வால் இல்லை. ஒரே பணத்தை இரண்டு இனங்களின்கீழும் வசூலிக்க முடியும் என்றால், வால் இல்லாத இனத்தில் சட்டத்தை நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

அதே 2024-இல், அக்டோபர் 23 அன்று, இன்னொரு ஒன்பது நீதிபதிகள் அமர்வு, மீண்டும் 8:1 என்று, தொழிற்சாலைச் சாராயத்தையும் மாநிலப் பட்டியலின் 8-ஆவது இனமான 'போதை தரும் மது' என்பதற்குள் கொண்டுவந்தது.

எங்கே வழுக்கும்? இனத்தின் சொல் தாங்கும் அளவுக்கு மேல் சட்டம் எழுதும்போது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 34-ஆவது இனமான 'பந்தயமும் சூதாட்டமும்' என்பதில் ஊன்றி நின்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது. அவை திறமை விளையாட்டுகள், அந்த இனம் சூதாட்டத்தை மட்டுமே தாங்கும் என்பது காரணம். பிறகு 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றமே தடைசெய்தது வேறு கதை.

254(2): எழுத்தில் எளிது, சாவி வேறொருவர் கையில்

பொதுப் பட்டியலில் ஒன்றியச் சட்டமும் மாநிலச் சட்டமும் முட்டிக்கொண்டால் ஒன்றியச் சட்டமே நிற்கும், அது 254(1). அடுத்த உட்பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மாநில மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி, அவர் ஒப்புதல் தந்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே மேலோங்கும்.

ஜல்லிக்கட்டு இந்தக் கதவின் வழியாகத்தான் வந்தது. விலங்குவதைத் தடுப்பு என்பது பொதுப் பட்டியலின் 17-ஆவது இனம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தடுத்ததை, 2017 ஜனவரி 21-இல் அவசரச் சட்டமும், 23-இல் அதற்குப் பதிலான மசோதாவும் திருத்தின. மாத இறுதிக்குள் ஒப்புதலும் வந்துவிட்டது. அரசியல் சாசன அமர்வு 2023 மே 18-இல் அதைச் செல்லும் என்றது. பலர் கவனிக்காத ஒன்று: இப்படிப்பட்ட விஷயத்தில் அவசரச் சட்டத்தையும் ஆளுநர் தானாகப் பிறப்பிக்க முடியாது. 213-ஆம் பிரிவின் வரம்பு வாசகப்படி குடியரசுத் தலைவரின் முன் அறிவுறுத்தல் வேண்டும். அவ்வளவு வேகமாக நடந்ததற்குக் காரணம் சட்ட நுணுக்கம் அல்ல. மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு டெல்லியும் அதை விரும்பியது, அவ்வளவுதான்.

டெல்லி விரும்பாதபோது இந்த வழி எப்படி நடக்கும் என்பதற்கு, மருத்துவப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான நீட்டின் வரலாறே போதும். பொதுப் பட்டியலுக்குக் கல்வி வந்ததே 42-ஆவது திருத்தத்தால். 1977 ஜனவரி வரை அது மாநிலப் பட்டியலில் இருந்தது. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வை ஒழித்த தமிழ்நாட்டின் சட்டம் 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஒன்பது ஆண்டுகள் அது நின்றது. 2016-இல் இந்திய மருத்துவ மன்றச் சட்டத்தில் 10டி என்ற புதுப் பிரிவைச் சேர்த்து நீட் தேர்வை நாடாளுமன்றம் கட்டாயமாக்கியது. 254(2)-இன் வரம்பு வாசகம் அதற்கு இடம் தருகிறது: ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்தையும் நாடாளுமன்றம் பின்னர் திருத்தலாம், மாற்றலாம், நீக்கலாம். ஆக, இந்த வழியில் கிடைப்பது நிரந்தரப் பட்டா அல்ல, குத்தகை. 2017 பிப்ரவரியில் நிறைவேற்றிய விலக்கு மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரி 8-இல் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினார்கள். அதற்கும் மறுப்பு வந்ததாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நீட்டில் இன்னொரு அடிப்படைச் சிக்கலும் உண்டு. பொதுப் பட்டியலின் 25-ஆவது இனமான கல்வி, ஒன்றியப் பட்டியலின் 63 முதல் 66 வரையிலான இனங்களுக்கு உட்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 66-ஆவது இனம் உயர்கல்வித் தரத்தை நிர்ணயிப்பது. ஒன்றியச் சட்டம் அந்த 66-இல் ஊன்றி நிற்கிறது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால், ஒப்புதலே கிடைத்தாலும் 254(2) உதவாது. அது பொதுப் பட்டியலுக்குள் நடக்கும் மோதலுக்கு மட்டுமே மருந்து. மசோதா எழுதும்போது 'தரம்' பற்றி ஒரு சொல்லும் நுழையாமல் 'சேர்க்கை' என்ற சொல்லுக்குள்ளேயே நிற்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அரசியலை விட்டுவிடுவோம். நல்ல எண்ணத்தோடு ஒப்புதல் கிடைத்தும் சட்டம் செத்துப்போன நிகழ்வுகள் உண்டு. மசோதாவைக் கையாளும் அலுவலகம் கவனிக்க வேண்டியவை அவைதான்.

முதலாவது தேதி. தமிழ்நாட்டில் நிலம் எடுக்க மூன்று தனிச் சட்டங்கள் இருந்தன: ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம், நெடுஞ்சாலைகளுக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டம். நாடாளுமன்றத்தின் புதிய நிலம் எடுப்புச் சட்டத்துக்கு 2013 செப்டம்பர் 27-இல் ஒப்புதல் கிடைத்தது. அது அமலுக்கு வந்தது 2014 ஜனவரி 1. தமிழ்நாடு அந்த ஒன்றியச் சட்டத்திலேயே 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தன் மூன்று சட்டங்களுக்கும் விலக்குக் கொடுத்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கிவிட்டது. போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது: முரண் பிறந்தது ஒன்றியச் சட்டம் அமலான நாளில் அல்ல, இயற்றப்பட்ட நாளில், செப்டம்பர் 27-ஆம் தேதியே மூன்று சட்டங்களும் செத்துவிட்டன, செத்ததற்குப் பின்னால் வந்து விலக்குக் கொடுக்க முடியாது, மறுபடி இயற்றித்தான் ஆக வேண்டும். அரசு அதே ஆண்டில் ஒரு மீட்புச் சட்டம் இயற்றி, அதை முந்தைய நாளான 2013 செப்டம்பர் 26 முதல் அமலானதாகக் கொண்டு, ஒப்புதல் பெற்றது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த மீட்புச் சட்டத்தை ஏற்றது. சரியான நேரத்தில் பழைய சட்டத்தை மறுபடி நிறைவேற்றி அனுப்பியிருந்தால் இந்த ஐந்தாறு ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டிருக்காது. பழைய ஒப்புதல், பின்னால் வரும் புதிய ஒன்றியச் சட்டத்துக்கு எதிராகச் செல்லாது என்ற ஒரு வரியை மறந்ததன் விலை அது.

இரண்டாவது, அனுப்பும் கடிதம். 2002-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்த கைசர்-இ-ஹிந்த் வழக்கில், பம்பாய் வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் கேட்ட மாநிலம் எந்தெந்த ஒன்றியச் சட்டங்களோடு முரண் என்று குறிப்பிட்டதோ, அவற்றுக்கு எதிராக மட்டுமே ஒப்புதல் செல்லும் என்றார்கள். சொத்து மாற்றச் சட்டத்தையும் மாநகரச் சிறு வழக்கு நீதிமன்றச் சட்டத்தையும் குறிப்பிட்டிருந்த மாநிலம், 1971-ஆம் ஆண்டின் பொது வளாகச் சட்டத்தைச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்துக்கு எதிரே ஒப்புதல் இருந்தும் இல்லாததுபோல் ஆனது. எனவே மசோதாவோடு போகும் குறிப்பில் முரண்படும் ஒவ்வொரு ஒன்றியச் சட்டமும், முடிந்தால் பிரிவு எண்ணோடு, இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் கூடுதலாக எழுதுவது நல்லது.

மூன்றாவது, காலம். 201-ஆம் பிரிவில் குடியரசுத் தலைவருக்குக் கெடு எதுவும் எழுதப்படவில்லை. அவர் திருப்பி அனுப்பச் சொன்னால் சட்டமன்றம் 6 மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். செய்து அனுப்பினாலும் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கில்லை. அதற்கு முன்படியான ஆளுநர் விஷயத்தில் 2025-இல் இரண்டு திசைகளில் காற்று வீசியது. ஏப்ரல் 8-இல் இரு நீதிபதிகள், தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்துக் கெடுவும் வகுத்தார்கள். குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை அனுப்பிக் கருத்துக் கேட்டார். நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் தந்த கருத்து, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளும் முறையும் கிடையாது என்றது. கூடவே, சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல் ஆளுநர் மசோதாவை வெறுமனே வைத்துக்கொள்ளவும் முடியாது, காரணமின்றி நெடுங்காலம் இழுத்தால் 'முடிவெடுங்கள்' என்ற அளவுக்கு நீதிமன்றம் ஆணையிடலாம் என்றும் சொன்னது. 254(2) வழியைத் தேர்ந்தெடுக்கும் அரசு, இரண்டு மேசைகளில் இரண்டு காத்திருப்புகளைக் கணக்கில் வைக்க வேண்டும் என்று பொருள்.

131: வழக்குதான், ஆனால் விசாரணை நீளும்

ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும், அல்லது மாநிலங்களுக்கு இடையே, சட்ட உரிமை சார்ந்த தகராறு என்றால் 131-ஆம் பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றம் போகலாம். தரப்பாகத் தனியார் யாரும் இருக்கக் கூடாது. ஒரு நிறுவனத்தையோ குடிமகனையோ சேர்த்தால் வழக்கே நிற்காது. இது மனு அல்ல, முழு உரிமையியல் வழக்கு: பிராது, எதிருரை, எழுவினாக்கள், தேவையானால் சாட்சியம்.

இந்த வழியில் தமிழ்நாடு வென்ற பெரிய வழக்கு முல்லைப் பெரியாறு. நீர்மட்டத்தை 136 அடிக்குள் கட்டிப்போட்ட கேரளத்தின் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து அதே ஆண்டு தொடுத்த வழக்கில், 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்த்து 142 அடிக்கு வழிவிட்டார்கள். 8 ஆண்டுகள். நதிநீர்ப் பங்கீடாக இருந்திருந்தால் இதுவும் முடிந்திருக்காது: 262-ஆம் பிரிவும் 1956-ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டமும் அதை நடுவர் மன்றத்துக்குத் தள்ளிவிடும்.

ஒன்றியச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 131-இல் வாதிட முடியுமா என்பதிலேயே தெளிவில்லை. 2011-இல் மத்தியப் பிரதேச வழக்கில் முடியாது என்றார்கள். பின்னர் ஜார்க்கண்ட் – பீகார் வழக்கில் அதே எண்ணிக்கை நீதிபதிகள் கொண்ட அமர்வு உடன்படாமல் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதனால் சட்டத்தைத் தாக்கும் வழக்கைவிட, ஒன்றிய அரசின் ஒரு குறிப்பிட்ட செயலையோ உத்தரவையோ தாக்கும் வழக்கு 131-இல் உறுதியாக நிற்கிறது. தன் எல்லைக்குள் சிபிஐ விசாரிக்க மாநிலம் தரும் இசைவை மேற்கு வங்கம் திரும்பப் பெற்ற பிறகும் சிபிஐ வழக்குப் பதிவுசெய்வதை எதிர்த்து 2021-இல் போட்ட வழக்கு விசாரணைக்கு உரியதுதான் என்று முடிவாகவே 2024 ஜூலை வரை ஆனது.

கேரளத்தின் கடன் வரம்பு வழக்கு இந்த வழியின் உண்மையான பயனைக் காட்டுகிறது. 2023 டிசம்பரில் தொடுத்தார்கள். 2024 ஏப்ரல் 1-இல் இடைக்காலத் தீர்வு மறுக்கப்பட்டு, மாநிலங்கள் கடன் வாங்குவது குறித்த 293-ஆம் பிரிவு பற்றிய கேள்விகள் அரசியல் சாசன அமர்வுக்குப் போயின. தோல்விதான். ஆனால் நடுவில், வழக்கைத் திரும்பப் பெற்றால்தான் 13,608 கோடி ரூபாய் கடனுக்கு இசைவு என்று ஒன்றியம் வைத்த நிபந்தனையை நீதிமன்றம் ஏற்காததால், அந்த இசைவு கேரளத்துக்குக் கிடைத்தது. நிதியாண்டு முடிவதற்குள் கஜானாவுக்குப் பணம் வர வேண்டிய அரசுக்கு அதுவே பெரிது.

ரிட்டும் மேசையும்

உச்ச நீதிமன்றத்தில் நேராக ரிட் மனு போட வழிசெய்யும் 32-ஆம் பிரிவு அடிப்படை உரிமைக்கானது. மாநிலத்துக்கு ஏது அடிப்படை உரிமை என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆளுநர்கள் மசோதாக்களைக் கிடப்பில் போட்டதை எதிர்த்துப் பஞ்சாபும் தமிழ்நாடும் 32-இல்தான் போய் வென்றன. 131-ஐத் தவிர வேறு வழி உண்டா என்பதையும் குடியரசுத் தலைவர் அனுப்பிய அந்த 14 கேள்விகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். பாதுகாப்பான உத்தி வேறு: பாதிக்கப்பட்ட மாணவரோ விவசாயிகள் சங்கமோ மனுதாரராக இருக்க, மாநிலம் எதிர்மனுதாரர் நாற்காலியில் உட்கார்ந்து ஆதரிப்பது. காவிரி நடுவர் மன்றத்தை அமைக்கும்படி 1990 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட வழக்கைத் தொடுத்ததே தமிழ்நாட்டு விவசாயிகள் சங்கம் ஒன்றுதான். இதன் குறை, வழக்கின் கடிவாளம் அரசின் கையில் இருக்காது.

மேசைப் பேச்சைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. மாநிலங்களிடை மன்றம் கடைசியாகக் கூடியது 2016 ஜூலையில். ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று வேண்டும். அதாவது ஒன்றியம் தனியாகவே எதையும் தடுக்கலாம், ஒரு மாநிலம் தனியாக எதையும் தடுக்க முடியாது. அந்த மன்றத்தின் பரிந்துரைகள் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் அதை நம்பித் தனி விகிதம் வைக்க எந்த மாநிலமும் துணியாது.

சட்டமும் வழக்கும் இல்லாமல் ஒரு கையெழுத்தில் முடியும் அதிகாரம் சில இடங்களில் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. சிபிஐக்கான பொது இசைவைத் தமிழ்நாடு 2023 ஜூனில் ஓர் அரசாணையில் திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றமே சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டால் இந்த ஆணை தடுக்காது. அமலாக்கத் துறைக்கோ இந்த இசைவே தேவையில்லை.

எதை எப்போது

மாநிலப் பட்டியலில் இனம் இருந்தால் அதில் நில்லுங்கள், 254(2) பக்கம் போகவே வேண்டாம். ஒப்புதல் கேட்பதே 'இது பொதுப் பட்டியல்தான்' என்று ஒப்புக்கொண்டதுபோல் எதிர்த்தரப்பு வாதிடும். பொதுப் பட்டியல் விஷயம், ஒன்றியத்துக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை என்றால் 254(2)-தான் மலிவு. ஒன்றியம் தன் கொள்கையின் நடுநாயகமாக நினைக்கும் விஷயத்தில் அந்த மசோதாவை அனுப்பினால், மறுப்பு வரும் வரை அரசியல் நடத்தலாம், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. பணமும் நிர்வாக உத்தரவும் என்றால் 131, கூடவே இடைக்கால மனு.

காலம் நெருக்கினால் இரண்டு வழிகளை ஒன்றாக ஓட்டுவதும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு கட்டி ஒன்றிய அரசு நிறுத்தியதை எதிர்த்து, 2,291 கோடி ரூபாய் கேட்டுத் தமிழ்நாடு 2025 மே மாதம் 131-இல் வழக்குப் போட்டது. ஜூன் 9-இல் அவசரமாக எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மறுநாள், 10-ஆம் தேதி, கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் ஏழை மாணவர் சேர்க்கை நின்றுபோனது பற்றிய ஒரு பொதுநல மனுவில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சட்டத்துக்கான பங்கைக் கல்விக் கொள்கையோடு இணைக்கத் தேவையில்லை, அதைத் தனியாக விடுவிப்பதை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.